ஆச்சி காயப்போட்ட துணியும் ஆங்கில எதிர்காலமும்

வெளிநாட்டில் நர்ஸ் வேலைக்காக ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வை எழுத முடிவு செய்து, சேரன்மகாதேவியிலிருந்து பாளையங்கோட்டைக்குத் தினமும் பஸ்ஸில் போய்ப் படித்தேன். வாசிப்பு, எழுத்து எல்லாம் எப்படியோ பிடிபட்டுவிட்டது. நேருக்கு நேர் உட்கார்ந்து பேசும் பகுதிதான் பயமாக இருந்தது. 11 முதல் 14 நிமிடம்தான், ஆனால் யோசித்துப் பேச அதிக நேரம் இருக்காது.

மாதிரித் தேர்வில் சார் அப்பாவைப் பற்றிக் கேட்டார். “மை ஃபாதர் வில் கோ டு த ஃபீல்ட் எவ்ரி டே” என்றேன்.

“அப்போ இனிமேதான் போவாங்களாம்மா? இப்போ போறது இல்லையா?” என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ‘அப்பா தினமும் வயலுக்குப் போவாங்க’ என்றுதானே வீட்டில் சொல்கிறோம்? சிக்கலே அங்கேதான் இருந்தது. நம் ‘போவார்’ எதிர்காலத்துக்கும் வரும், வழக்கத்துக்கும் வரும். ஆங்கிலத்தில் அன்றாட வழக்கத்துக்குச் சாதாரணமாக ‘கோஸ்’தான். ரயில் நேரத்துக்கும் அப்படியே. நாளை ராத்திரி ரயில் எட்டு மணிக்குக் கிளம்பும் என்பதை ‘லீவ்ஸ்’ என்றே சொல்லிவிடலாம், அட்டவணையில் உள்ள விஷயம் என்பதால். ‘போவும்’, ‘வரும்’ என்று மனதில் ஓடியதையெல்லாம் நான் ‘வில்’ ஆக்கியிருக்கிறேன்.

அதற்கு நேரெதிரான தப்பு ஐப்பசி மழையில் தெரிந்தது. மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. ஆச்சி கீழேயிருந்து, “ஏட்டி, மானம் கறுத்துட்டு, மழை வரப் போவுது!” என்றாள். “இந்தா எடுக்கேன் ஆச்சி” என்று ஓடினேன். படியேறும்போதே இந்த இரண்டு வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன். கறுத்த மேகம் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் ‘இட்ஸ் கோயிங் டு ரெயின்’. ‘வரப் போவுது’ அச்சு அசலாக அதேதான்! ஆனால் ‘எடுக்கேன்’ என்பதை நிகழ்காலமாக மாற்றினால் தப்பு. அந்த நொடியில் எடுத்த முடிவு அது. அதற்குத்தான் ‘ஐ வில் பிரிங் தெம் இன்’.

ஆனால் ‘சனிக்கிழமை டாக்டரைப் பாக்கேன்’ என்றால், நேரம் வாங்கி ஏற்பாடு செய்தாயிற்று. அங்கே ‘ஐயாம் சீயிங் த டாக்டர்’ சரி. நம் பேச்சில் இரண்டும் நிகழ்கால வடிவம்தான். ஒரு காலத்துக்கு வேறு காலத்தின் வடிவத்தைச் சொன்னாலும் ஏற்றுக்கொள்வது, அதாவது பள்ளியில் காலவழுவமைதி என்று படித்தது, இதுதான் என்று அப்போதுதான் உறைத்தது. அதற்குப் பிறகு நான் விதி எதையும் மனப்பாடம் செய்யவில்லை. இப்போது முடிவு செய்தேனா, முன்பே முடிவு செய்ததா, ஏற்பாடு ஆகிவிட்டதா என்று என்னையே கேட்டுக்கொள்வேன். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள் போனில் பேசுவதைக்கூட இப்படிப் பிரித்துப் பார்த்தேன். ஒரு மாதத்தில் வாய்க்குப் பழகிவிட்டது. இதே தேர்வுக்குப் படிக்கிற தங்கச்சிமாருக்கு நான் சொல்வதும் இதைத்தான்: முதலில் வீட்டுப் பேச்சைக் கவனியுங்கள்.

தேர்வு அன்று, படிப்பை அடுத்து என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டார்கள். பல மாதம் முன்பே முடிவு செய்த விஷயம். ‘ஐயாம் கோயிங் டு’ என்று வாய் தானாகத் தொடங்கியது. பேச்சுக்கு 9-க்கு 7 கிடைத்தது.

‘வரும்போது சொல்கிறேன்’ மட்டும் இன்னும் இழுக்கிறது. ‘வென் ஹி வில் கம்’ என்று பாதி வந்துவிடும், நிறுத்தி ‘வென் ஹி கம்ஸ்’ என்று மாற்றிச் சொல்கிறேன்.