டெபியன் 13க்கு ஏறியாச்சா? ‘அப்சலீட்’ பட்டியலை வாசித்துவிட்டு நீக்குங்கள்

சுங்கை சிப்புட்டில் டியூஷன் சென்டரோ போட்டோஸ்டாட் கடையோ, 120 ஜிபி எஸ்எஸ்டியோடு ஓடும் கணினியை டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 12ஆம் பதிப்பிலிருந்து 13க்கு ஏற்றினால் இடம் இறுகும். உடனே கை, தேவையற்றதாகத் தெரியும் பேக்கேஜ்களை (மென்பொருள் பொதிகளை) மொத்தமாக நீக்கும் ‘ஆட்டோரிமூவ்’ கட்டளை பக்கம் போகும். கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் ரீபூட். ‘யூநேம் -ஆர்’ அடித்தால் 6.12 என்று தொடங்க வேண்டும். 6.1 என்றே நின்றால் இன்னும் பழைய கெர்னலில்தான் (இயங்குதளத்தின் மையப் பகுதி) இருக்கிறீர்கள், எதையும் நீக்காதீர்கள்.

அடுத்து, ‘ஆப்ட் லிஸ்ட்’ போட்டு, ஒற்றை மேற்கோளுக்குள் அலைக்குறியும் ஆங்கிலச் சிற்றெழுத்து ஓவும். வருவதுதான் அப்சலீட் பட்டியல். இதைக் குப்பைப் பட்டியல் என்று நினைப்பதில்தான் எல்லா வம்பும். பேக்கேஜ்களை இறக்கும் இப்போதைய சோர்ஸ் எதிலும் இந்த பேக்கேஜ் இல்லை, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். டெப் கோப்பாக இறக்கிப் போட்ட பிரிண்டர் டிரைவரும் இங்கேதான் நிற்கும். அதையும் சேர்த்துத் துடைத்தால், மறுநாள் பாரம் பிரிண்ட் எடுக்க வருகிறவர் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

அதைவிட ஆபத்து போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். டெபியன் 12இல் 15, 13இல் 17. ஏற்றிய பிறகு 15 அப்சலீட் ஆகிவிடும். ஆனால் மாணவர் கட்டணக் கணக்கு முழுக்க அதற்குள்தான் இருக்கும். பர்ஜ் (அமைப்புக் கோப்புகளோடு சேர்த்து நீக்குவது) செய்யும்போது டேட்டா டைரக்டரியையும் அழிக்கவா என்று கேட்கும். எண்டரைத் தட்டிக்கொண்டே போகிற கை அங்கேயும் தட்டிவிடும். முதலில் பேக்கப். ‘பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ்’ தலைப்பு வரி போக 15, 17 என்று இரண்டு வரி காட்டினால், 17 காலிதான் என்று உறுதி செய்துகொண்டு, ‘பிஜி_டிராப்கிளஸ்டர்’ கொண்டு அந்தக் காலி 17ஐ நீக்கி, ‘பிஜி_அப்கிரேட்கிளஸ்டர் 15 மெயின்’ ஓட்டுங்கள். கணக்கு சரியாகத் திறக்கிறதா என்று பார்த்த பிறகே 15ஐத் தொடலாம்.

ஆட்டோரிமூவை ‘-எஸ்’ சேர்த்து ஒத்திகை பாருங்கள். டெஸ்க்டாப்பின் மெட்டா பேக்கேஜை (மற்ற பேக்கேஜ்களைச் சேர்த்து இழுத்து வரும் பேக்கேஜ்) எப்போதோ நீக்கியிருந்தால், பேனல், பைல் மேனேஜர் எல்லாம் அந்தப் பட்டியலில் வரலாம். வேண்டியவற்றுக்கு ‘ஆப்ட்-மார்க் மேனுவல்’ போட்டால் தப்பிக்கும்.

மதியம் இடிமழை கட்டும் நேரத்தில் இதைத் தொடங்காதீர்கள். நடுவில் கரண்ட் போனால், வந்ததும் ‘டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ’, பிறகு ‘ஆப்ட் -எஃப் இன்ஸ்டால்’. அந்த வரிசையில்தான்.