பலூனுக்குள் ஒரு கணக்கு

மகளின் கைநழுவிய ஹீலியம் பலூன் மேற்கூரையில் போய் ஒட்டிக்கொண்டது.

பலூனில் அடைப்பது பூமிக்குள் கதிரியக்கத்தில் பிறந்த ஹீலியம். சரி, அது வேறு கதை. விண்வெளி ஹீலியத்தில் பெரும்பங்கு பெருவெடிப்பின் முதல் சில நிமிடங்களில் உருவானது. சாதாரணப் பொருளின் நிறையில் ஏறக்குறைய 25 சதவீதம்.

நியூட்ரினோ என்பது எதோடும் எளிதில் ஒட்டாத நுண்துகள். அதன் வகைகள் கூடுதலாக இருந்திருந்தால் பிரபஞ்சம் இன்னும் வேகமாக விரிந்திருக்கும், ஹீலியமும் கூடியிருக்கும். அதனால் வகைகள் மூன்று, மிஞ்சினால் நான்கு என்று வானத்தைப் பார்த்தே கணக்குப் போட்டார்கள்.

1989இல் ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்தில், நியூட்ரினோக்களாகவும் சிதையும் இசட் என்ற துகளை அளந்து அந்த வகைகளை எண்ணினார்கள். மூன்றேதான்!

துகள்கள் எல்லாம் நுண்ணிய இழைகளின் அதிர்வுகளே என்னும் இழைக் கோட்பாட்டுக்கு, அதைச் சோதிக்க இப்படியொரு அளவீடு இன்னும் வாய்க்கவில்லை. 10இன் அடுக்கு 500 விதப் பிரபஞ்சங்கள்கூடச் சாத்தியம் என்கிறார்கள். அதில் நம்முடையது எது என்று கேட்டால் கையை விரிக்கிறார்கள்.