ப்ரூஸ்டர் குடும்ப மரமும் இடம் மாறிய மேரியும்

விடுமுறை நாட்களில் யாராவது பழைய ஆளின் வம்சாவளியைச் சார்ட்டில் வரைந்து பார்ப்பது என் பொழுதுபோக்கு. இந்த முறை எடுத்தது வில்லியம் ப்ரூஸ்டர். இங்கிலாந்துத் திருச்சபையைத் திருத்த முடியாது, விட்டு விலகுவதே வழி என்று பிரிந்து போன கூட்டத்தின் மூப்பர், 1620இல் மேஃப்ளவர் கப்பலில் அமெரிக்கா போனவர். ஸ்க்ரூபி கிராமத்தில் அரசாங்கத் தபால் வேலை பார்த்துக்கொண்டே, தான் குடியிருந்த மாளிகையில் தடை செய்யப்பட்ட ஜெபக்கூட்டத்தையும் நடத்தியிருக்கிறார். அந்தத் துணிச்சலுக்காகவே அவரை எடுத்தேன்.

முதல் நாள் அப்பா அம்மாவை மேலே வைத்து, பிள்ளைகள் ஐந்து பேரையும் கீழே ஒரே வரிசையில் ஒட்டினேன். ஜோனாதன், பேஷன்ஸ், ஃபியர், லவ், ரெஸ்லிங். மூத்தவனுக்கு மட்டும் சாதாரணப் பெயர், மற்றவர்களுக்குப் பொறுமை, பயம், அன்பு, போராட்டம்! லவ் என்றதும் பெண் என்று நினைத்து இளஞ்சிவப்பு அட்டை போட்டுவிட்டேன். அவர் ஆண். பிய்த்தெடுத்ததில் சார்ட்டும் கொஞ்சம் கிழிந்தது.

அப்புறம்தான் அந்த ஒரே வரிசையே சரியில்லை என்று புரிந்தது. இவர்கள் ஒன்றாக வரவே இல்லை. 1608இல் ஹாலந்துக்குத் தப்பி, மறு வருடம் லைடன் நகரத்தில் குடியேறி, அங்கே ப்ரூஸ்டர் ரகசியமாக அச்சகம் நடத்த, 1619இல் இங்கிலாந்து அரசு அவரைத் தேட ஆரம்பித்ததும் தலைமறைவாகிவிட்டார். மேஃப்ளவரில் அவரோடு ஏறியது மனைவி மேரியும் சின்னப் பையன்கள் லவ்வும் ரெஸ்லிங்கும் மட்டும். ஜோனாதன் 1621இல் ஃபார்ச்சூன் கப்பலில் வந்தார், பெண்கள் இருவரும் 1623இல் ஆன் கப்பலில். எனவே கப்பலுக்கு ஒரு நிறம் என்று நூல் ஒட்டினேன், மரம் திடீரென்று பேச ஆரம்பித்தது. மேஃப்ளவரில் வந்த 18 பெரிய பெண்களில் அடுத்த வருட அறுவடைக்கு மிஞ்சியது நாலே பேர், அதில் மேரியும் ஒருவர்.

என்னை நன்றாக ஏமாற்றியதும் மேரிதான். 1627 மே மாதம், மேஃப்ளவரில் வந்தவர்கள் அமெரிக்காவில் அமைத்த பிளிமத் குடியேற்றத்தில் மாடுகளையும் ஆடுகளையும் பங்கு பிரித்தார்கள், பங்குக்கு 13 பேர் வீதம் 12 பங்கு. ஐந்தாவது பங்கு ப்ரூஸ்டருடையது. கிடைத்தது குருட்டுக் கிடாரி என்று பெயர் வாங்கிய ஒரு பசுவும் இரண்டு பெட்டை ஆடுகளும் (13 பேருக்கு!). அந்தப் பட்டியலில் மேரி ப்ரூஸ்டர் என்று பார்த்ததும், சரி, மனைவி 1627 மே வரை உயிரோடுதான் இருந்திருக்கிறார் என்று எழுதிவிட்டேன்.

ஆனால் பட்டியலில் வில்லியம் என்ற பெயர் இரண்டு தடவை வந்தது உறுத்திக்கொண்டே இருந்தது. முதலில் யாரோ தவறிப்போய் இரண்டாம் முறை எழுதியது என்றே நினைத்தேன். வரிசையைத் திரும்பப் படித்தால் ஜோனாதன், லுக்ரீஷியா, வில்லியம், மேரி. அட, இது மகன் வீடு! மகன், மருமகள், பேரன், பேத்தி. குடும்பக் குறிப்பைத் தேடிப் பார்த்தேன். பேத்தி மேரி 1627 ஏப்ரல் 16இல் பிறந்திருக்கிறாள், பாட்டி மேரி மறுநாள் 17இல் இறந்திருக்கிறார். பங்கு பிரித்தபோது அந்தக் குழந்தைக்கு ஒன்றரை மாதம்கூட ஆகவில்லை. அட்டையை நகர்த்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அதே பட்டியலில் மருமகன் தாமஸ் ப்ரென்ஸ், பேஷன்ஸ், அவர்கள் மகள் ரெபெக்கா எல்லாம் இடம் பிடித்துவிட்டார்கள். ரிச்சர்ட் மோர் என்ற பையன் பெற்ற பிள்ளை இல்லை, கப்பலிலேயே ப்ரூஸ்டரிடம் ஒப்படைக்கப்பட்டவன், அவனுக்குப் புள்ளிக்கோடு போட்டேன். ஃபியரைக் காணோமே என்று தேடினால் கணவர் ஐசக் அல்லெர்ட்டனின் பங்கில் இருக்கிறார், அவருடைய முதல் தாரத்துப் பிள்ளைகளோடு. அதற்கு இந்தச் சார்ட்டில் இடமில்லை, இன்னொன்று வாங்க வேண்டும்.