பட்டாவில் இருக்கும் பெயர்

2019 பிப்ரவரியில் நான் மன்னார்குடி பக்கம் ஒரு கிராமத்தில் விஏஓ. மத்திய அரசு விவசாயிகளுக்கான பிஎம் கிசான் திட்டத்தை அறிவித்த நேரம். ஆண்டுக்கு 6000 ரூபாய், 2000 வீதம் மூன்று தவணை, நேராக வங்கிக் கணக்குக்கு. காலை ஏழு மணிக்கே அலுவலக வாசலில் சிட்டா நகலும் ஆதாரும் பாஸ்புக்கும் வைத்துக்கொண்டு கூட்டம் நிற்கும். ஜெராக்ஸ் கடைக்காரருக்கு அந்த மாதம் நல்ல வியாபாரம்.

நிலம் யார் பெயரில் என்பதுதான் முதல் கேள்வி. பாதிப் பட்டா இறந்துபோன தாத்தா பெயரில் இருக்கும். அண்ணன் தம்பி நாலு பேர் வாய்ப்பேச்சாகப் பாகம் பிரித்து, வரப்பு போட்டு, இருபது வருஷமாக உழுதுகொண்டிருப்பார்கள். வாரிசுச் சான்று வாங்கி, பத்திரம் போட்டு, பட்டா மாற்றினால் வரும் பணத்தைவிடச் செலவு கூட. சிலர் விட்டுவிட்டார்கள். சிலருக்குப் பணம் வந்தும் தெரியவில்லை. தவணையே வரவில்லை என்று என்னோடு சண்டை போட்டவருக்கு, எப்போதோ தொடங்கி மறந்துபோன இன்னொரு கணக்கில் அது சேர்ந்துகொண்டிருந்தது. ஆதாரைக் கடைசியாக இணைத்தது அந்தக் கணக்கில்.

இதெல்லாம் ஓடி அலைந்தால் தீரக்கூடியது. தீராதது குத்தகைக்காரர் விஷயம். டெல்டாவில் கோயில் நிலம், மடத்து நிலம், வெளியூர்க்காரர் நிலம் என்று குத்தகைக்கு உழுகிறவர்கள் ஏராளம். இந்தத் திட்டத்தில் அவர்களுக்கு இடமே இல்லை.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் இரண்டு நாள் வரிசையில் நின்றார். அறுபது வயதிருக்கும். முறை வந்ததும் கொடுத்தது அவருடைய விண்ணப்பம் இல்லை, சென்னையில் இருக்கும் நிலக்காரருடையது. "அவங்களுக்கு வர நேரமில்ல சார், நீயே குடுத்துடுன்னாங்க" என்றார். நாற்றும் அவர் விட்டது, கடனும் அவர் பெயரில். சில மாதம் கழித்து அந்த நிலக்காரர் எனக்குப் போன் செய்தார்: "தம்பி, 2000 ரூபாய் வந்ததா மெசேஜ் வந்திருக்கே, எதுக்கு இது?" என்ன பதில் சொன்னேன் என்பது நினைவில்லை. எரிச்சல் மட்டும் நினைவிருக்கிறது.

சரி, வெள்ள நிவாரணமாவது உழுதவருக்குப் போகட்டும் என்று நினைப்பேன். அதற்கு அடங்கலில், அதாவது எந்த வயலில் யார் என்ன பயிர் செய்கிறார் என்று எழுதும் கிராமக் கணக்கில், சாகுபடிக்காரர் பெயர் ஏற வேண்டும். அங்கேதான் நிலக்காரருக்குப் பயம். அடங்கலில் பெயர் ஏறினால் நாளைக்குக் குத்தகைப் பதிவு கேட்பான், அப்புறம் நிலத்தை விட்டு எழுப்ப முடியாது என்று. 1969ஆம் ஆண்டுக் குத்தகைப் பதிவுச் சட்டத்தைப் படிக்காதவர்களுக்கும் அந்தப் பயம் மட்டும் மனப்பாடம்.

2021 ஜனவரி மழையில் அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்து வயலிலேயே முளைத்தது. 33 சதவீதத்துக்கு மேல் சேதம் என்றால்தான் கணக்கில் வரும். வேளாண் அலுவலரும் நானும் முழங்கால் சேற்றில் போனோம். அன்று வரிசையில் நின்ற அதே மனிதர் கதிர் ஒன்றைப் பறித்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். மணிக்கு மணி வெள்ளை முளை. படிவத்தை முழங்கையில் வைத்துக்கொண்டு கேட்டேன், "சாகுபடி யார் பேர்ல எழுதட்டும்?"

அவர் கதிரைத் தண்ணீரில் போட்டுவிட்டு, வரப்பில் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். பிறகு நிலக்காரர் பெயரைச் சொன்னார்.