பள்ளமோ, மேடோ?

பள்ளிக்கூடம் என்றதும் என் நினைவுக்கு முதலில் வருவது விஞ்ஞானகூடத்தின் மேற்குப்பக்க யன்னல். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் எங்கள் நாணயக் கழகம் அந்த யன்னலடியில்தான் கூடும். ஆறேழு பேர், ஒரு நீள மேசை, எங்கள் ஆசிரியர், சேரின் பத்து மடங்கு உருப்பெருக்கும் கண்ணாடி. கழகத்தின் சொத்து அவ்வளவுதான்.

ஒருநாள் கோடு விழுந்த நாணயம் ஒன்றைக் கொண்டுபோனேன். விளிம்பில் தொடங்கி இரண்டு எழுத்துகளை ஊடறுத்து ஓடிய மெல்லிய கோடு. யாரோ ஊசியால் கீறிவிட்டார்கள், வேறொன்றுக்கு மாற்றித் தாருங்கள் என்று கேட்டேன். சேர் பதில் சொல்லவில்லை. நாணயத்தை யன்னல் விளிம்பில் வைத்து, வெயில் பக்கவாட்டில் விழும்படி திருப்பினார்.

"பள்ளமோ, மேடோ?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மெல்லிய தாள் ஒன்றை மேலே போட்டுப் பென்சிலைச் சாய்த்துத் தேய்க்கச் சொன்னார். எழுத்துகள் கறுப்பாய் எழும்பின. அவற்றோடு அந்தக் கோடும் தலைமயிர் போலக் கறுப்பாய் எழும்பியது.

"கீறலெண்டால் வெள்ளையாய் விழுந்திருக்கும், தம்பி. இது அச்சு வெடிச்ச அடையாளம்."

நாணயம் அடிக்கும் அச்சு, இறுக்கிப் பதப்படுத்திய உருக்கு. ஒவ்வோர் அடிக்கும் பல தொன் அழுத்தம் அதன்மேல் இறங்குகிறது. ஆயிரக்கணக்கில், இலட்சக்கணக்கில் அடித்த பிறகு உருக்கும் களைத்துப்போய் எங்கேயாவது விரிசல் விடும். அநேகமாக விளிம்போரத்திலோ எழுத்தின் மூலையிலோதான் அது தொடங்கும். அடுத்த அடியில் நாணயத்தின் உலோகம் அந்த விரிசலுக்குள் புகுந்து நிரம்புவதால், அச்சில் பள்ளமாக இருப்பது காசில் மேடாக நிற்கும். கீறல் அப்படியில்லை. அது காசு நாணய ஆலையை விட்டு வெளியே வந்தபின் பட்ட காயம், உள்ளேதான் இறங்கும். எனக்குத் தெரிந்தவரை, எரர் காயின், அதாவது ஆலையிலேயே பிழையோடு உருவான காசு, பார்க்கத் தொடங்கும் எவரும் முதலில் பழக வேண்டியது இந்த ஒரு வித்தியாசத்தைத்தான்.

பிறகுதான் உண்மையான வேலை. அதே அச்சில் அடித்த மற்றக் காசுகளைத் தேடிப் பிடியுங்கள் என்றார். பல மாதங்கள் தேடி ஐந்து சேர்த்தோம். விரிசலின் நீளத்தை வைத்து அவற்றை வரிசையாக அடுக்கச் சொன்னார். முதலாவதில் கோடு ஓர் எழுத்தைத்தான் தொட்டிருந்தது. இரண்டாவது என்னுடையது. மூன்றாவதில் கோடு வெற்றிடத்துக்குள் வந்துவிட்டது. நாலாவதில் விளிம்பின் இன்னோரிடத்திலிருந்து இரண்டாவது விரிசல் கிளம்பி முதலாவதை நோக்கி வளைந்தது. ஐந்தாவதில் இரண்டுக்கும் நடுவே எழுத்துகளே இல்லை, வழுவழுப்பான உலோகக் கட்டி மட்டும். அச்சின் அந்தத் துண்டு கழன்று விழுந்துவிட்டது. காசைத் திருப்பிப் பார்த்தால், கட்டிக்கு நேர் பின்னால் உருவம் மங்கியிருந்தது. உலோகம் இந்தப் பக்கத்து ஓட்டையை நிரப்பப் போனதால் அந்தப் பக்கத்துக்குப் போதவில்லை. ஓர் அச்சின் ஆயுளை ஐந்து காசுகளில் பார்த்த அந்தப் பின்னேரத்தை நான் மறக்கவேயில்லை.

எந்தக் காசைக் கொடுத்தாலும் சேர் அதன் பெயரைக் கேட்க மாட்டார். பிழை உருவம் பதியாத வெறுந்தகட்டிலா, அச்சிலா, அடித்த விதத்திலா என்றுதான் கேட்பார். ஓரம் பிறை போல வெட்டுப்பட்ட நாணயம் என்றால், வெட்டுக்கு நேர் எதிர்ப்பக்க விளிம்பைப் பார்க்க வேண்டும். வெறுந்தகட்டின் விளிம்பை உருட்டி எழுப்பும்போது, வெட்டுப்பட்ட இடத்தில் பிடிமானம் இல்லாததால் எதிர்ப்பக்கமும் சரியாக எழும்பாது. இதைப் பிளேக்ஸ்லி விளைவு என்பார்கள். எதிர்விளிம்பு நல்ல முழுமையாக இருந்தால், யாராவது அரத்தால் வெட்டியிருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும்.

இரட்டை உருவம்தான் அதிகம் பேரை ஏமாற்றுகிறது. 1955ஆம் ஆண்டின் அமெரிக்க ஒரு சென்ட் நாணயம் பேர்போனது. அச்சைச் செய்யும்போதே உருவத்தை இரண்டு தடவை, சற்றே திரும்பிய நிலையில் பதித்துவிட்டார்கள். அதனால் ஆண்டும் எழுத்துகளும் இரண்டிரண்டாய், இரண்டும் உருண்டு திரண்டு நிற்கும். அடிக்கும்போது அச்சு தளர்ந்து அசைந்தால் வருவது வேறு. அங்கே எழுத்தின் ஓரம் நசுங்கி, தட்டையான படி போலத் தெரியும். அதற்கு அந்த மதிப்பு இல்லை. அச்சை அளவுக்கு மிஞ்சித் தேய்த்து மெருகேற்றினாலும் பிழை வரும். 1937இல் அமெரிக்காவின் டென்வர் ஆலையில் அடித்த நிக்கல் எனும் ஐந்து சென்ட் காசில் எருமைக்கு மூன்று கால் ஆனது அப்படித்தான்.

நான் இதில் இறங்கியிருப்பது தெரிந்த பழைய மாணவர்கள் இப்போது கைபேசியில் படம் அனுப்புகிறார்கள். பத்தில் எட்டுக்கு, "இது ஆலைக்கு வெளியே அடிபட்ட காசு" என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. இரண்டு காசுகளை இடுக்கியில் வைத்து நசுக்கினாலும் ஒன்றின் உருவம் மற்றதில் இடம்வலம் மாறிப் பள்ளமாகப் பதியும். ஆனால் அப்போது அதன் சொந்த உருவமும் நசுங்கியிருக்கும். ஆலையிலேயே அப்படி விழுந்த காசில் மறுபக்கம் சாதாரணமாக இருக்கும். அப்புறம், நிறையையும் பாருங்கள். அமிலத்தில் போட்டு மெலிந்த காசைத் தராசு உடனே காட்டிவிடும். தயவுசெய்து தேய்த்துக் கழுவ மட்டும் வேண்டாம். மேற்பரப்பு போனால் எல்லாம் போய்விடும்.

பள்ளியை விட்டுப் போகும்போது அந்த ஐந்து காசுகளையும் சேர் என் கையில் தந்தார். இன்றும் அதே வரிசையில் வைத்திருக்கிறேன். நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் இன்னொரு கட்டம் இருக்க வேண்டும்: இரண்டு விரிசல்களும் சந்தித்து, துண்டு இன்னும் கழன்று விழாத நிலை. அது இன்னும் கிடைக்கவில்லை. அந்த மேசையைச் சுற்றி நின்ற யாருடைய பழைய பெட்டியிலாவது அது இருந்தால், பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.