எலும்பு கேட்டால் ஜெல்லி கொண்டுபோன கதை

"என்ன தம்பி, எலும்பு கொண்டு வருவீங்கன்னு பார்த்தா ஜெல்லி கொண்டு வந்திருக்கீங்க?"

மைக்ரோ சிடி (சின்னப் பொருள்களை நுணுக்கமாகப் படமெடுக்கும் எக்ஸ்ரே ஸ்கேன்) ஆபரேட்டர் இப்படிக் கேட்டபோது காலை ஒன்பதரை. தெர்மோகோல் பெட்டியை மடியில் வைத்து ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்த எனக்குத் தூக்கம் அப்போதுதான் கலைந்தது. திரையில் எலி முழங்கால் தெரியவேண்டிய இடத்தில் வெறும் புகைமூட்டம்.

முழங்காலுக்குள் இருக்கும் ஏசிஎல் என்ற பிணைநாரை வெட்டி, எலிக்கு மூட்டுத் தேய்மானம் உண்டாக்கும் மாடல் எங்களுடையது. அறுவை சிகிச்சையெல்லாம் குறையில்லாமல் முடிந்தது. 4 வாரக் குழுவின் (அறுவைக்கு 4 வாரம் கழித்து எடுத்தவை) ஆறு முழங்கால்களை ஃபார்மலினில் போட்டு, டப்பாவில் '4 வாரம்' என்று மட்டும் எழுதிவிட்டு அக்கா கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்விட்டேன். உதவியாக இருக்கட்டுமே என்று ஜூனியர் பையன், சுவரில் ஒட்டியிருந்த ஹிஸ்டாலஜி (திசுவைச் சீவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது) நடைமுறைப்படி எல்லாவற்றையும் ஈடிடிஏ என்ற ரசாயனக் கரைசலுக்கு மாற்றியிருக்கிறான். ஊற ஊற எலும்பிலுள்ள கால்சியத்தை அது இழுத்துவிடும். கால்சியம் போனபின் எக்ஸ்ரேயை மறிக்க என்ன மிச்சம்? ஒரு முறை விரலால் வளைத்துப் பார்த்திருந்தால் கிளம்பும் முன்பே தெரிந்திருக்கும். அவனைத் திட்ட வாய் வரவில்லை.

8 வாரக் குழு கைவசம் இருந்தது, ஆனால் அது போதாது. எலும்பு தடித்து, ஓரத்தில் முள் முளைத்தபின் யார் வேண்டுமானாலும் கண்டுபிடிக்கலாம். ஆரம்பத்தைப் பிடிப்பதுதான் என் தீசிஸே.

மறுபடி எலி வேண்டுமென்றால் மறுபடி எத்திக்ஸ் கமிட்டி. அனுமதி கேட்கும் ஃபார்ம் பி-யில் எலிகளின் எண்ணிக்கை அட்டவணையில் 30, பத்தியில் பழைய 24. அதற்காகவே திருப்பி அனுப்பினார்கள். திருத்திக் கொடுத்தால், கமிட்டிக்கு வெளியிலிருந்து வரவேண்டிய நாமினிக்கு (அரசு நியமித்த உறுப்பினர்) அன்று வர முடியவில்லை என்று கூட்டமே தள்ளிப்போனது. புது மனுவில், ஆறு எலிகள் ஏன் வீணாயின என்று நானே என் கையால் எழுதவேண்டியிருந்தது.

இரண்டாவது பயணத்தில் முதல் ஸ்கேன் முழுக்க இரட்டைக் கோடு. குழாய்க்குள் மூட்டு ஆடியிருக்கிறது. ஈரத் துணியில் சுற்றி, இடைவெளியில் ஃபோம் அடைத்ததும் சரியானது. ஈரம் முக்கியம், காய்ந்தால் குருத்தெலும்பு சுருங்கிவிடும். டேட்டாவுக்குப் பென் டிரைவ் கொண்டுபோகாதீர்கள், கொள்ளாது. கடை தேடி ஓடி ஹார்ட் டிஸ்க் வாங்கினேன்.

படத்தைப் பார்த்த கைடு கேட்ட முதல் கேள்வி: "குருத்தெலும்பு எங்கப்பா?" சாதாரண சிடியில் அது தெரியாது சார் என்றேன். அதைப் பார்க்க எதிர்மின்னூட்டமுள்ள அயோடின் மருந்தில் ஊறவைக்கவேண்டும். ஆரோக்கியமான குருத்தெலும்பில் புரோட்டியோகிளைக்கன் என்ற பொருள் இருக்கிறது. அதுவும் எதிர்மின்னூட்டமுள்ளது என்பதால் அந்த மருந்தைத் தள்ளும். அது அழிந்த இடத்தில் மருந்து கூடுதலாகப் புகும். குருத்தெலும்பின் நிலையைக் காட்டும் எம்ஆர்ஐ டி2 மேப் எடுக்கலாமே என்பார்கள். அதில் நார்கள் காந்தப்புலத்துக்குச் சுமார் 55 டிகிரியில் சாய்ந்திருந்தால் நல்ல குருத்தெலும்பும் நோயாளி போலத் தெரியும்.

நான் நம்பியது குருத்தெலும்புக்கு அடியிலிருக்கும் எலும்பை. ஆரம்பத்தில் அது மெலியலாம், தடிப்பது பிற்பாடு. டிபியா எனும் கீழ்க்கால் எலும்பின் உள்பக்கத்தில் அந்த மெலிவு ஆறில் ஐந்து மூட்டுகளில் கிடைத்தது. ஸ்கேன் முடிந்தபிறகுதான் ஈடிடிஏ. புரோட்டியோகிளைக்கனைச் சிவப்பாக்கும் சாஃப்ரனின் சாயம் போட்டபோது, அதே இடத்துக்கு மேலே சிவப்பு வெளுத்திருந்தது.

ஆறாவது மூட்டில் ஒன்றுமே இல்லை. கைடு அதைப் பற்றித்தான் இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறார்.