வாசல் லைட்டைப் போடாதீங்க

பிப்ரவரி 8
வாசல் பல்புக்குத் தொங்கும் வயரில் ஏதோ குப்பை சேர்ந்திருக்கிறது என்று அம்மா ஒட்டடைக் கம்போடு கிளம்பிவிட்டார். நல்லவேளை நான் திண்ணையில் இருந்தேன். குப்பை இல்லை, தேன்சிட்டு கூடு கட்டுகிறது. வேலையெல்லாம் பெண்ணுக்குத்தான். ஆண் ஊதாக் கழுத்தும் மஞ்சள் வயிறுமாகக் கூடவே பறந்து மேஸ்திரி வேலை பார்க்கிறது.

பிப்ரவரி 14
நார், காய்ந்த புல், மரப்பட்டைத் துணுக்கு, புழு எச்சம், எல்லாவற்றையும் சிலந்தி நூலால் இழுத்துக் கட்டி ஒரு பை மாதிரி தொங்கவிட்டிருக்கிறது. பக்கவாட்டில் வாசல், அதற்கு மேலே மழை படாமல் சின்னதாக ஒரு தாழ்வாரம் வேறு. "என் வீட்டு ஒட்டடையை எடுத்து என் தலைக்கு மேலேயே கட்டுது பாரு" என்று அம்மா புலம்பல்.

பிப்ரவரி 21
உட்கார்ந்துவிட்டது. ஓட்டை வழியாக வளைந்த மூக்கு மட்டும் தெரிகிறது. வாசல் சுவிட்சின் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டியாயிற்று. ராத்திரி பூட்டைத் திறக்க போன் டார்ச்.

பிப்ரவரி 26
ஆண் சிட்டு என் பைக் கண்ணாடியில் தெரியும் தன்னையே எதிரி என்று நினைத்துக் காலை முழுக்கக் கொத்திக்கொண்டிருந்தது. கண்ணாடிக்குப் பழைய சாக்ஸ் மாட்டினேன்.

மார்ச் 3
சிக்கல். 15ஆம் தேதி அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. பந்தல்காரர் வந்து வாசலை அளந்துவிட்டு, அந்த வயரைக் கழற்றினால்தான் சீரியல் பல்பு கட்ட முடியும் என்றார். "கூட்டோட எடுத்து அந்த வேப்பமரத்துல கட்டிருவோம்" என்று அண்ணனும் சொன்னான். இடம் மாறினால் தாய் திரும்பி வருமா என்று எனக்குச் சந்தேகம், ஆனால் வாயைத் திறக்குமுன் அம்மா பிடித்துக்கொண்டார், அதே ஒட்டடைக் கம்பு அம்மா! பந்தல் கொல்லைப்புறத்தில், வருகிறவர்கள் பக்கத்துச் சந்து வழியாக வரட்டும், முடிந்தது பேச்சு. அண்ணனுக்குக் கோபம், தாய்மாமன் சீர் பின்வாசல் வழியாகவா வரும் என்று. நியாயமான கேள்விதான்.

மார்ச் 7
குஞ்சு பொரித்துவிட்டது. இரண்டு என்று நினைக்கிறேன், எட்டிப் பார்க்கவில்லை. இப்போது ஆணும் பூச்சி கொண்டுவருகிறது.

மார்ச் 10
செம்போத்து ஒன்று முருங்கையில் வந்து உட்கார்ந்து கூட்டையே பார்த்தது. அம்மா குடத்தைத் தட்டி விரட்டினார்.

மார்ச் 15
சீர் முன்வாசல் வழியாகத்தான் வந்தது, ஆனால் மேளமும் வெடியும் இல்லாமல். அண்ணிக்குப் பிறந்த ஊர் கொள்ளுக்குடிப்பட்டி. வேட்டங்குடி சரணாலயத்துப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடி போடாத ஊர். அம்மா தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னபோது அண்ணியின் அண்ணன் சிரித்தார்: "அத்தை, இதை எங்ககிட்டயா சொல்றீங்க? நாங்க நாரைக்கே பழகுனவங்க." தட்டுகளோடு ஒவ்வொருவராகக் குனிந்து உள்ளே போனார்கள். தாய் சிட்டு இரண்டு தடவை பறந்து கொடிக்கம்பியில் உட்கார்ந்து திட்டிவிட்டு மறுபடி இரை கொண்டுபோனது. கொல்லையில் குழந்தை அழுத சத்தம் தெருவுக்கே கேட்டது, அதற்கு என்ன செய்ய.

மார்ச் 24
காலை ஆறரைக்கு ஒன்று, ஏழே காலுக்கு இன்னொன்று. இரண்டாவது தடுமாறி என் பைக் சாக்ஸ் மேல் விழுந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, அப்புறம் முருங்கைக்குப் போய்விட்டது.

மார்ச் 29
கூடு காலி. அம்மா இன்று வாசல் முழுக்க ஒட்டடை அடித்தார், அந்த வயரை மட்டும் விட்டுவிட்டு. டேப்பை உரிக்கட்டுமா என்று கேட்டேன். "இப்ப என்ன அவசரம்?" என்கிறார்.